வீட்டிலா, பயிற்சிக் கூடத்திலா?
பலசாலி சாண்டோவின் வாழ்க்கை சொல்லும் பதில்

துணிக்கடைக்குப் போய்க் கையில்லாத பனியன் கேளுங்கள். சாண்டோ பனியனா என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். தாத்தா காலத்திலும் அதுதான் பெயர். பேரன் காலத்திலும் அதுதான் பெயர்.

சாண்டோ என்பது ஊரின் பெயர் அல்ல. பனியன் நெய்த ஆலையின் பெயரும் அல்ல. அது ஒரு மனிதரின் பெயர். நம் மொழி பேசாதவர். 1925-ம் ஆண்டிலேயே இறந்துபோனவர். ஆனாலும் அவர் பெயர் தமிழ்நாட்டின் வீடுதோறும் கொடியில் காய்கிறது!

அவருடைய கதையை இன்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு.

சித்தேரியில் ஒரு கேள்வி

தருமபுரி மாவட்டத்தில், அரூருக்கு அப்பால், கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது சித்தேரி. சுற்றிலும் காடு. நடுநடுவே சாமையும் தினையும் விளையும் நிலங்கள். மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர்கள். அரூருக்குப் போக வேண்டுமானால் பஸ் ஏறி வளைந்து வளைந்து மலை இறங்க வேண்டும்.

அங்கே ஓர் இளைஞன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். படிப்பை முடித்துவிட்டான். போலீஸ் வேலைக்கு மனுப் போடப் போகிறான். எழுத்துத் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. உடல்தகுதித் தேர்வும் உண்டு. 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். கயிறு ஏற வேண்டும். மூச்சை இழுத்தால் மார்பு 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும்.

அவன் முன்னே இரண்டு வழிகள். மலை இறங்கிப் போய் ஒரு ஜிம்மில் மாதப் பணம் கட்டிச் சேர்வதா? அல்லது அந்தப் பணத்துக்கு இரண்டு தம்பிள்ஸ் வாங்கி வந்து வீட்டிலேயே பயிற்சி செய்வதா?

அப்பாவுக்குக் கட்டணத்தைப் பற்றிக் கவலை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் பிள்ளை எப்படி மலையேறுவான் என்று அம்மாவுக்குக் கவலை. வீட்டிலே ஆரம்பித்துப் பத்து நாளில் விட்டுவிடுவேனோ என்று பிள்ளைக்கே தன்மேல் கவலை!

இந்தக் கேள்வி சித்தேரிக்கு மட்டும் உரியது அல்ல. சென்னையில் மூன்றாம் மாடியில் குடியிருப்பவருக்கும் இதே கேள்விதான். இதற்குப் பதில் தேட வேண்டுமானால் சாண்டோவிடம்தான் போக வேண்டும். ஏனென்றால் அவர் பயிற்சிக் கூடமும் நடத்தினார். வீட்டில் செய்யும் பயிற்சிக் கருவிகளையும் விற்றார். இரண்டு வியாபாரத்திலும் கொடிகட்டிப் பறந்தவர் அவர்.

மெலிந்த சிறுவன்

1867-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி, பிரஷ்யா நாட்டில் கோனிக்ஸ்பர்க் நகரத்தில் ஒரு குழந்தை பிறந்தது. பெற்றோர் வைத்த பெயர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் முல்லர். அந்த நகரம் இன்று ருஷ்யாவில் கலினின்கிராட் என்ற பெயரில் இருக்கிறது.

சிறு வயதில் தாம் மெலிந்த, நோஞ்சான் பிள்ளையாக இருந்ததாக அவரே பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். தகப்பனாருடன் இத்தாலிக்குப் போனாராம். அங்கே பழங்கால வீரர்களின் கல்சிலைகளைப் பார்த்தாராம். கல்லிலே செதுக்கிய உடம்பைச் சதையிலே செய்ய முடியாதா என்று அந்தப் பிஞ்சு மனத்தில் ஆசை முளைத்ததாம். கதை அழகாக இருக்கிறது. அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு விளம்பரம் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தேகம் உண்டு.

சந்தேகம் இல்லாத செய்தி ஒன்று இருக்கிறது. வாலிப வயதில் அவர் கட்டாய ராணுவ சேவைக்குத் தப்பி நாட்டை விட்டு வெளியேறினார். சர்க்கஸ்களில் சேர்ந்தார். ஊர் ஊராக அலைந்தார். யூஜின் சாண்டோ என்று புதுப் பெயர் சூட்டிக்கொண்டார்.

குரு கிடைத்தார்

பெல்ஜியம் நாட்டின் தலைநகர் பிரஸ்ஸல்ஸ். அங்கே ஒருவர் பயிற்சிக் கூடம் நடத்தி வந்தார். லூயி டுர்லாக்கர் என்பது அவர் பெயர். ஆனால் உலகம் அவரைப் பேராசிரியர் அட்டிலா என்றே அழைத்தது.

சாண்டோவின் வாழ்க்கை திரும்பியது இந்த இடத்தில்தான். வாலிபனின் உடம்பைப் பார்த்த உடனே அட்டிலா அதன் மதிப்பைப் புரிந்துகொண்டார். தம் கூடத்தில் சேர்த்துக்கொண்டார். கனமான எடைகளைத் தூக்கப் பழக்கினார். எப்படி நிற்க வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும், எப்போது மூச்சு விட வேண்டும் என்று ஒவ்வொன்றையும் சொல்லிக் கொடுத்தார். மேடையில் நிற்கும் விதத்தைக்கூடக் கற்றுக் கொடுத்தார்.

இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உலகத்துக்கே வீட்டுப் பயிற்சியை விற்ற மனிதர், தாம் பலசாலி ஆனது ஒரு பயிற்சிக் கூடத்தில்! ஒரு குருவின் கண் பார்வையில்!

லண்டனில் ஒரு சவால்

1889-ம் ஆண்டு. லண்டனில் சாம்சன் என்ற பலசாலி மேடையில் வித்தை காட்டிக்கொண்டிருந்தான். சைக்கிளாப்ஸ் என்பவன் அவனுடைய சீடன். தன்னை வெல்பவனுக்கு 500 பவுன் பரிசு என்று சாம்சன் இரவுதோறும் அறைகூவல் விடுத்து வந்தான். எவரும் முன்வரவில்லை.

ஒரு நாள் இரவு கூட்டத்திலிருந்து ஓர் இளைஞர் எழுந்தார். கனவான்கள் போடும் மாலை நேர உடுப்பு. பார்த்தால் சாதாரண ஆள் போலத்தான் இருந்தார். ஜனங்கள் சிரித்தார்கள். அவர் மேடையேறி மேலுடையைக் களைந்தார். அவ்வளவுதான்! சிரிப்பு அடங்கிவிட்டது. முதலில் சீடன் தோற்றான். நவம்பர் 2-ந் தேதி சாம்சனே தோற்றான்.

சாம்சனின் பெரிய வித்தை, கையில் பூட்டிய சங்கிலியைத் தசையை முறுக்கி அறுப்பது. அந்தச் சங்கிலி அவனுடைய கைக்கு அளவெடுத்துச் செய்தது. மற்றவன் கைக்கு எப்படிப் பொருந்தும்? ஆனால் சாண்டோ தம் கைக்குச் சரியான சங்கிலி ஒன்றை முன்கூட்டியே செய்து கொண்டு வந்திருந்தார் என்று சொல்வார்கள். இந்தப் போட்டிக்கு அவரைத் தயார் செய்தவர் வேறு யாரும் அல்ல. அதே அட்டிலாதான்! பலம் சீடனுடையது. யோசனை குருவினுடையது.

மறுநாள் முதல் லண்டன் முழுவதும் சாண்டோ பேச்சுத்தான். நீண்ட கம்பியின் இரு முனைகளிலும் கூடைகள். கூடைக்குள் ஆட்கள். அப்படியே தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார் அவர். உடலை வில்லாக வளைத்துப் பாலம் போல நிற்பார். மேலே பலகை போட்டுக் குதிரைகளை ஏற்றுவார்கள்!

1893-ல் அமெரிக்கா போனார். சிகாகோவில் உலகப் பொருட்காட்சி நடந்த சமயம். அங்கேயும் கொட்டகை நிரம்பி வழிந்தது. 1894-ல் எடிசனின் கூடத்தில் அவரைப் படம் பிடித்தார்கள். உலகத்தின் மிகப் பழைய சினிமாப் படங்களில் அதுவும் ஒன்று. அதே ஆண்டில் பிளாஞ்ச் புரூக்ஸ் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தார். பின்னர் இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள்.

கம்பளம் விரித்த பயிற்சிக் கூடம்

வித்தை காட்டும் உடம்புக்கு வயது உண்டு. சாண்டோவுக்கு அது தெரியும். ஆகவே மேடையில் சம்பாதித்த புகழை வேறு தொழிலில் போட்டார்.

1897-ம் ஆண்டு லண்டனில், செயின்ட் ஜேம்ஸ் தெருவில், ஒரு தேகப்பயிற்சிக் கழகத்தை ஆரம்பித்தார். பணக்காரர்கள் நடமாடும் தெரு அது. வியர்வை நாற்றமும் புழுதியும் நிறைந்த பழைய கோதா அல்ல இது. கௌரவமான ஒரு கிளப் போல இருந்தது. சேர்ந்தவர்களின் உடம்பை அங்கம் அங்கமாக அளந்து எழுதி வைத்தார்கள். அவரவர் உடலுக்கு ஏற்றபடி பயிற்சி கொடுத்தார்கள். சில நாள் கழித்து மறுபடியும் அளந்து பார்த்தார்கள்.

எல்லாம் சரி. ஆனால் அங்கே யார் சேர முடியும்? பணம் உள்ளவர். நேரம் உள்ளவர். லண்டனில் குடியிருப்பவர். தூரத்து ஊரில் நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதும் குமாஸ்தா என்ன செய்வான்? நம் சித்தேரி இளைஞனின் கஷ்டம்தான் அவனுக்கும்!

தபாலில் வந்த குரு

அந்தக் குமாஸ்தாவையும் சாண்டோ விட்டுவிடவில்லை. அதே 1897-ல் அவர் உடல் வலிமை பெறும் வழி பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் வயதுவாரியாக அட்டவணைகள் இருந்தன. ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி, குழந்தைகளுக்குத் தனி. முதல் நாள் எத்தனை தடவை, பிறகு எத்தனை தடவை கூட்ட வேண்டும் என்றெல்லாம் அதில் கண்டிருந்தது. தூக்க வேண்டிய எடையும் மலையளவு அல்ல. சில ராத்தல்கள்தான். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

கருவிகளும் வந்தன. ஒன்று, கதவில் மாட்டி இழுக்கும் ரப்பர்க் கயிறு. இன்னொன்று, ஸ்பிரிங் வைத்த தம்பிள்ஸ். அதன் கைப்பிடி இரண்டு பாதியாகப் பிளந்திருக்கும். நடுவே ஸ்பிரிங்குகள். இரண்டு பாதியும் ஒட்டும்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டே பயிற்சி செய்ய வேண்டும். கவனம் சிதறினால் பிடி தளரும். பிடி தளர்ந்தால் பாதிகள் விலகிவிடும். ஆக, பக்கத்தில் குரு இல்லாவிட்டாலும் கருவியே காட்டிக் கொடுத்துவிடும்! வீட்டில் செய்பவனுக்குப் பெரிய எதிரி கவனக்குறைவு என்பதை சாண்டோ சரியாகக் கண்டுபிடித்திருந்தார்.

அது மட்டுமா? மார்பு, கை, தொடை ஆகியவற்றை அளந்து தபாலில் எழுதி அனுப்பினால், அந்த ஆளுக்கு ஏற்ற பயிற்சி முறை தபாலிலேயே வரும். 1898-ல் ஒரு பத்திரிகையும் தொடங்கினார். படித்துப் பயிற்சி செய்தவர்களின் புகைப்படங்கள் அதில் வெளியாயின. அடுத்த மாதம் தன் படம் வராதா என்ற ஆசையில் எத்தனையோ பேர் அதிகாலையில் எழுந்து கை காலை அசைத்தார்கள்.

வீட்டில் தனியாகப் பயிற்சி செய்பவனுக்கு இல்லாதவை மூன்று. திருத்துவதற்குக் குரு. போட்டிக்குத் தோழன். முன்னேற்றத்தைக் காட்ட அளவு. இந்த மூன்றையும் தபால் மூலம் வீட்டுக்கு அனுப்ப முயன்றதுதான் சாண்டோவின் சாமர்த்தியம்.

ஆல்பர்ட் மண்டபத்தில் பரீட்சை

வீட்டுப் பயிற்சியும் கூடப் பயிற்சியும் பலன் தந்தனவா? பார்த்துவிடலாம் என்று சாண்டோ ஒரு போட்டி அறிவித்தார். அவருடைய முறையில் பயின்றவர்கள் மட்டும் கலந்துகொள்ளலாம். ஜில்லா ஜில்லாவாகத் தேர்வு நடந்தது. 1901-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் இறுதிப் போட்டி. மண்டபம் நிரம்பி வழிந்தது.

நீதிபதிகளில் ஒருவர் சர் சார்லஸ் லாஸ் என்ற சிற்பி. இன்னொருவர் யார் தெரியுமா? ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில்! சாண்டோவும் உடன் இருந்தார்.

பெரிய தசை உள்ளவனுக்கே பரிசு என்று விதி வைக்கவில்லை. உடம்பு முழுவதும் ஒரே அளவாக வளர்ந்திருக்க வேண்டும். தோலில் ஆரோக்கியம் தெரிய வேண்டும். நாட்டிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் மரே என்பவருக்கு முதல் பரிசு. பரிசுப் பொருள், சாண்டோவின் உருவச் சிலை. 1977 முதல் மிஸ்டர் ஒலிம்பியா என்ற உலக ஆணழகன் போட்டியிலும் சாண்டோவின் சிலையையே பரிசாகக் கொடுக்கிறார்கள்.

இந்தியாவுக்கு வந்தார்

1904-ம் ஆண்டின் கடைசியிலும் 1905-லும் சாண்டோ நம் நாட்டில் சுற்றுப்பயணம் செய்தார். கல்கத்தாவிலும் பம்பாயிலும் அவரைப் பார்க்கக் கூட்டம் கூடியது.

நம் நாட்டுக்குத் தேகப்பயிற்சி புதிது அல்ல. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, சிலம்பம், மல்யுத்தம் எல்லாம் பாட்டன் காலத்திலேயே இருந்தன. தண்டால் எடுக்கத் தரை போதும். காசு வேண்டாம். ஆனாலும் வாத்தியார் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்பதே நம் வழக்கம். சாண்டோவின் வருகைக்குப் பின் பழைய முறையும் புதிய முறையும் கைகோத்துக்கொண்டன.

நம்மவரில் பலசாலியாகப் புகழ்பெற்றவர்களுக்கு அவர் பெயரே பட்டம் ஆனது. ஆந்திர நாட்டுக் கோடி ராமமூர்த்தியை இந்தியாவின் சாண்டோ என்றார்கள். நம் கோவையில் பிறந்து, தேகப்பயிற்சியில் பேர் வாங்கி, பிறகு எம்.ஜி.ஆரை வைத்துப் படமெடுத்த சின்னப்பா தேவர் கடைசி வரை சாண்டோ சின்னப்பா தேவர்தான். பெங்களூரில் கே.வி.ஐயர் என்பவர் பயிற்சிக் கூடமும் நடத்தினார். வெளியூர் மாணவர்களுக்குத் தபாலிலும் பாடம் அனுப்பினார். சாண்டோ போட்ட பாதை அது!

சரிவும் முடிவும்

1911-ல் இங்கிலாந்தின் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் சாண்டோவைத் தம் தேகப்பயிற்சி ஆசானாக நியமித்தார். அதற்கு மேல் என்ன புகழ் வேண்டும்? ஆனால் ஆசை விடவில்லை. உடலுக்கு வலு தரும் என்று சொல்லிக் கோகோ பானம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றை நடத்தினார். முதல் உலக யுத்தம் வந்தது. ஜெர்மானியப் பிறப்பு என்றாலே இங்கிலாந்தில் வெறுப்பு. கம்பெனி கவிழ்ந்தது. பெருநஷ்டம்.

1925-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி, 58-வது வயதில், சாண்டோ லண்டனில் காலமானார். உலகமே பெயர் சொன்ன மனிதரின் சமாதியில் பெயர் எழுதிய கல்கூட வைக்கவில்லை. அதுவே மனைவியின் விருப்பம் என்கிறார்கள். முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகுதான் அங்கே கல் வந்தது.

சொன்னதும் செய்ததும்

இனி நம் கேள்விக்கு வருவோம்.

சாண்டோவின் வியாபாரத்தில் ஒரு சூட்சுமம் இருந்தது. என் கருவியை வாங்கினால் என்னைப் போல ஆகலாம் என்ற எண்ணத்தை அவருடைய விளம்பரங்கள் உண்டாக்கின. ஆனால் சாண்டோ சாண்டோ ஆனது சில ராத்தல் எடையுள்ள தம்பிள்ஸால் அல்ல. அட்டிலாவின் கூடத்தில் தூக்கிய பெரும் எடைகளால்! இதை அறியாமல் கண்ணாடி முன் நின்று ஏமாந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

அதற்காக வீட்டுப் பயிற்சி வீண் என்று சொல்லிவிடலாமா? கூடாது. சாண்டோவைப் போல ஆகாவிட்டால் என்ன? நாற்காலியிலே கூனிப்போன குமாஸ்தா நிமிர்ந்து நின்றானே, அது லாபம் இல்லையா?

ஆகவே முதலில் கேட்க வேண்டியது எங்கே செய்வது என்பது அல்ல. எதற்காகச் செய்வது என்பதுதான்.

உடம்பு நோயின்றி இருக்க வேண்டும், மூச்சு வாங்காமல் படியேற வேண்டும் என்பவருக்கு வீடு போதும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தங்கைக்கும் வீடே வசதி. தரையும் ஒரு கயிறும் இருந்தால் ஆரம்பிக்கலாம். விலையுயர்ந்த இயந்திரம் வாங்கித் துணி காயப் போட வேண்டாம்!

கனமான எடை தூக்கிப் பெரும் பலம் பெற வேண்டும் என்பவருக்குக் கூடம்தான் வேண்டும். தவறாகத் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும். படுத்துக்கொண்டு தூக்கும் கம்பி மார்பில் இறங்கினால் எடுத்துவிட ஆள் வேண்டும். தனியாக வீட்டில் அந்த விஷப்பரீட்சை கூடாது.

சித்தேரிப் பிள்ளைக்கு

சரி, போலீஸ் தேர்வுக்குப் போகும் நம் பிள்ளைக்கு எது நல்லது?

மலையில் பிறந்தவனுக்கு ஓடுவதற்கு இயந்திரம் எதற்கு? கடிகாரம் ஒன்று போதும். சமதளமான இடத்தில் 1,500 மீட்டரை அளந்து வைத்துக்கொள்ளட்டும். வாரம் ஒரு நாள் நேரம் பார்த்து ஓடட்டும். உறுதியான புளியமரக் கிளையில் தடித்த கயிறு கட்டட்டும். கீழே மணலைக் கொட்டி, துணைக்கு ஒருவனை நிறுத்திக்கொண்டு ஏறட்டும். தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடாவால் மார்பு விரிவை அளந்து ஒரு நோட்டில் எழுதி வரட்டும். சாண்டோ தபாலில் கேட்டதும் இந்த அளவைத்தான்.

ஆனால் ஆரம்பத்தில் ஒரு மாதம், ஊரில் பழகிய ஆசிரியர் ஒருவரிடமோ, அரூரில் ஒரு கூடத்திலோ போய் முறையைக் கற்றுக்கொள்வது நல்லது. கட்டணம் ஒரு மாதத்துக்கு மட்டும். அதையும் பகல் நேரமாகப் பார்த்து வைத்துக்கொண்டால் அம்மாவுக்கும் கவலை இல்லை. பிறகு வீட்டில் செய்யட்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய், செய்வது சரியா என்று காட்டிவிட்டு வரட்டும்.

கூட ஒரு தோழனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதிகாலைப் பனியில் தானாக எழுந்திருக்கத் தோன்றாது. வாசலில் நண்பன் வந்து கூப்பிட்டால் எழுந்துதான் ஆக வேண்டும்!

கற்றுக்கொள்ளக் குரு. கடைப்பிடிக்க வீடு. சாண்டோவின் வாழ்க்கை சொல்லும் பதில் இதுதான். அட்டிலா இல்லாவிட்டால் சாண்டோ இல்லை. ஆனால் அட்டிலாவே வந்தாலும் நாள்தோறும் எழுந்து செய்ய வேண்டியவன் நாம்தான்.

நாளைக் காலையில் சாண்டோ பனியனை மாட்டும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். மாட்டியவுடன் பத்துத் தண்டால் எடுத்தால் இன்னும் விசேஷம்!